பொழுதோடு சாப்பிட்டவர்கள்

அன்று சாயங்காலம் அந்த மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கல்லூரியில் படித்த என் தம்பி, அவனோடு படித்த மேல்சித்தாமூர் நயினார் வீட்டுப் பையன், வல்லத்துப் பையன், அப்புறம் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, செஞ்சியில் மணிலாக்கடலை மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவன்.

செஞ்சிக் கடைத்தெருவில் அறை எடுத்துத் தங்கி, மூன்று பேரும் தினம் பஸ்ஸில் திருவண்ணாமலைக்குப் போய்ப் படித்தார்கள். சமணர்களான நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். அவனைத் தனியே அனுப்ப மனமில்லாமல் மற்ற இருவரும் வெளிச்சம் இருக்கும்போதே அவனோடு மெஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் அறையில் ஆளில்லை என்பது தெருவுக்கே தெரியும். “ஒருத்தனாவது இருங்கடா” என்பேன். “கோட்டையில கொரங்கு கத்துனாலே உனக்குத் தூக்கம் வராதுண்ணா” என்று தம்பி சிரிப்பான்.

அன்று அவன் பெட்டியில் வைத்திருந்த பரீட்சைப் பணம் போய்விட்டது. மறுநாள் மதியத்துக்குள் கட்டாவிட்டால் பரீட்சை இல்லை. வல்லத்துப் பையன் ஓடிவந்து என்னை அழைத்துப் போனான்.

பணத்தைவிடப் பூட்டுதான் என்னைப் பயமுறுத்தியது. அவர்கள் சாப்பிட்டுத் திரும்பியபோது, பூட்டிவிட்டுப் போனபடியே தொங்கியதாம்.

“சாவி எத்தினிடா இருக்குது?”

“ஒண்ணுதான்ணா. எங்கிட்டதான் இருக்குது” என்றான் தம்பி.

“பூட்டு தானா தொறந்து, தானா பூட்டிக்குச்சாடா?” என்றான் வல்லத்துப் பையன். “வூட்டுக்காரர்கிட்ட இன்னொண்ணு இருக்கும்.”

“மெதுவா பேசு. கீழதான் கீறாரு” என்றான் நயினார் பையன்.

சொல்லி வாய் மூடவில்லை, படிக்கட்டின் அடியிலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. “இன்னா தம்பிங்களா, சாப்டாச்சா?”

தினமும் அவர் அப்படிக் கேட்பதுண்டாம்.

“போலீசுக்குப் போலாமா?” என்றேன்.

“போனா மொதல்ல எங்களத்தான் குந்த வெப்பாங்க” என்றான் தம்பி. நயினார் பையன் முகம் செத்துவிட்டது. “என்னாலதான். இனிமே நான் தனியா போய் சாப்டுக்கறேன்.”

“அடச்சீ, வாய மூட்றா” என்றான் தம்பி.

நான் அப்போதே மண்டி முதலாளியிடம் போய் நின்றேன். கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி முழுப் பணத்தையும் வாங்கினேன். மறுநாள் காலை தம்பி கட்டிவிட்டான்.

புதுப் பூட்டு போட்டோம். தம்பியோ வல்லத்துப் பையனோ ஒருவன் உள்ளே தாழ்போட்டு உட்கார, மற்ற இருவரும் சாப்பிடப் போனார்கள். தம்பியின் முறை வந்த ஒரு நாள், யாரோ படியேறி வந்து கதவுக்கு வெளியே நின்றார்களாம். “யாரு?” என்று கேட்டிருக்கிறான். வந்த கால்கள் அவசரமில்லாமல் இறங்கிப் போயின.

அறையை மாற்றலாமென்றால் முன்பணத்துக்கு வழியில்லை. தம்பி அங்கிருந்தே பரீட்சை எழுதி முடித்தான். அன்று முதலாளிக்கு நான் தர வேண்டிய பாக்கி இன்னும் பதினோரு ரூபாய்.