மேடம் இஸபெலின் மீதிப் போட்டோக்கள்

1. ஆடுகிற நாற்காலி

எங்கள் கம்பெனி ஜெனரல் மேனேஜர் மிஸ்டர் டெரிக் ஒரு திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அது விசா விஷயமாக வருகிறவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலி. ஒரு கால் ஆடும். அவர் எங்கள் கம்பெனிக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எது வேண்டுமானாலும் ஃபோன் செய்வார், நான் ஓடுவேன்.

நான் துபாயில் ஒரு ஏ.சி. பராமரிப்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பி.ஆர்.ஓ.வாக இருந்தவன். பி.ஆர்.ஓ. என்றதும் ஊரில் சிலர், நான் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பத்திரிகைக்காரர்களிடம் பேசுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. வளைகுடாவில் பி.ஆர்.ஓ. என்றால் விசாக்காரன். எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு டைப்பிங் சென்டர், மெடிக்கல், இமிகிரேஷன் என்று கவுண்டர் கவுண்டராக நிற்பதுதான் வேலை.

"முத்து, என் வைஃபுக்கு விசா எடுக்கணும்" என்றார். அவர் பேசியது இங்கிலீஷ். என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

"மேடம் விசா முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்கே சார்."

"இந்த ஊருக்கு இல்ல. என் ஊருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையில் நாலு பக்கத்துக்கு ஒரு லிஸ்ட் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். அவர் இங்கிலாந்துக்காரர். மேடம் இஸபெல் போர்ச்சுகல்காரர். லிஸ்பனில் கல்யாணம். அவருடைய நாடு ஐரோப்பிய யூனியனில் இருந்தவரை, மேடம் எப்போது வேண்டுமானாலும் அங்கே போய்க் குடியிருக்கலாம், ஒருவரும் காகிதம் கேட்க மாட்டார்கள். நாடு யூனியனைவிட்டு வெளியே வந்த பிறகு, தொண்டியிலிருந்து போகிற என் மனைவி செல்வி அங்கே என்னவோ, அதேதான் மேடமும். வெளிநாட்டுக்காரி. இந்த நேரத்தில் டெரிக்கின் அம்மா பாத்ரூமில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஒரே மகன். வேலையை விட்டுவிட்டு இரண்டு மாதத்தில் ஊரோடு போகிறார். மேடம் விசிட்டில் போகலாம், வரலாம். கூடவே குடியிருக்க வேண்டுமென்றால், கல்யாணம் நிஜம் என்றும் இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்றும் நிரூபிக்க வேண்டும். இங்கிலீஷ் பரீட்சை வேறு பாஸ் செய்ய வேண்டும்.

"எனக்கு ஸ்பெல்லிங் திருத்துறதே அவதான். அவளுக்குப் பரீட்சையாம்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கல்யாணச் சான்றிதழுக்கு எத்தனை முத்திரை வேண்டும், ஊரில் எந்த ஆபீஸுக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்று நாங்கள் பட்டது இவர்களுக்கும் தெரியட்டுமே என்று. அதற்குள் அவர் குரலைத் தாழ்த்தி, "நாங்க புருஷன் பொண்டாட்டிதான்னு எப்படி நிரூபிக்கிறது முத்து? நீ தினமும் செய்யிற வேலைதானே இது" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

2. தபால் பெட்டிக்கு வந்த ஓட்டு

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

துபாயில் வீட்டுக்குத் தபால் வராது. எங்கள் எல்லாருக்கும் கம்பெனியின் பி.ஓ. பாக்ஸ்தான். சாவி என்னிடம். அந்தத் திங்கட்கிழமைக்கு ஆறு வருஷத்துக்கு முன் டெரிக்குக்கு ஒரு கனத்த கவர் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் அதற்குள் இருந்த பதில் கவரை ஒட்டி என்னிடமே நீட்டினார்.

"இது ஓட்டு. எங்க நாடு யூனியன்ல இருக்கணுமா, வெளிய வரணுமான்னு கேக்குறாங்க. இன்னிக்கே போட்டுடு."

நான் கேட்காமலே அவராகச் சொன்னார். அவருக்கு கிரிம்ஸ்பி என்று வடகடல் ஓரத்தில் ஒரு மீன்பிடித் துறைமுகம். அப்பா டிராலரில் போனவர்.

"எங்க கடல்ல யாரு எவ்வளவு மீன் பிடிக்கலாம்னு வேற எங்கயோ உக்காந்து முடிவு பண்ணாங்க. அப்பாவோட படகை உடைச்சு வித்தாங்க. அதுக்கப்புறம் அவர் யார்கிட்டயும் சரியாப் பேசல. வெளிய வரணும்னுதான் போட்டிருக்கேன். அவருக்காக."

எனக்குத் தொண்டி. என் தாய்மாமாவின் படகு, கடலில் யாரோ போட்ட கோட்டைத் தாண்டியதாகச் சொல்லிப் பிடிபட்டு, திரும்பி வரவே இல்லை. மாமா திரும்பி வந்தார், படகு வரவில்லை. அதனால் டெரிக் சொன்னது எனக்கு ஒரு வரி விடாமல் புரிந்தது. சாதாரணத் தபாலில் போடாமல் ரிஜிஸ்டர் செய்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது, வெளியே வர வேண்டும் என்ற பக்கம் ஜெயித்திருந்தது. அப்போது எங்களுக்கு வெள்ளி, சனிதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை காலை டெரிக் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"எப்படி ஓட்டுப் போட்டேன்னு மேடத்துக்குத் தெரியாது. நீயும் சொல்லிடாத."

ஜெயித்தவர் முகமாக அது இல்லை. ஷேவ்கூடச் செய்திருக்கவில்லை. அவர்கள் இருவருக்கும் விசா ரின்யூவல் வேறு அந்த வாரம் வந்தது. அந்தத் தாடியோடே பர் துபாய் ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் போட்டோ எடுத்தேன்.

3. பேன்ட்ரியில் நாங்கள் பேசியது

அப்போது நோன்பு மாதம். பேன்ட்ரி கதவை மூடிக்கொண்டுதான் டீ குடிப்போம். டிரைவர் குல்ஸார் பாய் பெஷாவர்க்காரர். நோன்பு வைத்துக்கொண்டே எங்களோடு வந்து உட்காருவார். பேச்சுக்கு நோன்பு கிடையாதே.

"இருபத்தெட்டு நாடு. விசா இல்லாம எதுல வேணும்னாலும் போய் வேல செய்யலாம். அத வேணாம்னு சொல்லிட்டாங்களா பாய்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். "பாவம், அவங்க எந்தக் கியூவுலயும் நின்னதில்ல" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பரிதாபப்பட்டார்.

அக்கவுண்ட்ஸ் ரீட்டா கோவாக்காரி. அவள் தம்பி, கோவா போர்ச்சுகல் ஆட்சியில் இருந்த தாத்தா காலத்துப் பதிவை வைத்து போர்ச்சுகல் பாஸ்போர்ட் வாங்கி, அந்த வழியாக இங்கிலாந்து போய் ஒரு கோடவுனில் வேலை பார்த்தான். கோவாவில் அப்படிப் போனவர்கள் ஏராளம். ரீட்டா டீயைத் தொடவே இல்லை. "இப்பத்தான் வீடு எடுத்தான். பொண்ணு அங்கதான் ஸ்கூல் போறா. கிளம்புன்னு சொல்லிடுவாங்களா முத்து?" என்றாள்.

பிறகு அவனுக்கு அங்கேயே தங்கும் உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அவள் அதைக் கேட்டபோது, டெரிக்கின் ஓட்டை அனுப்பிய ரிஜிஸ்டர் தபால் ரசீது என் சட்டைப் பையிலேயே இருந்தது. அதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

4. எட்டு கவர்

இனி தொழில் விஷயம். அந்தக் காலத்தில் ஒரு விசாவுக்கு ஸ்டூடியோவில் எட்டு போட்டோ போடுவார்கள். நாலுதான் செலவாகும். மீதியை எல்லாரும் தூக்கிப் போடுவார்கள், நான் போட மாட்டேன். ஒரு சின்ன கவரில் போட்டு, மேலே வருஷத்தை எழுதி, அந்த ஆளின் ஃபைலிலேயே பின் அடித்து வைப்பேன். அவசரத்துக்கு உதவும் என்றுதான். ஆபீஸில் அதற்கு 'முத்து மியூசியம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

டெரிக் வந்துபோன இரண்டாம் நாள் மேடம் இஸபெல் வந்தார். லிஸ்ட்டில் கேட்டதற்கு அவர் கொண்டுவந்தது கல்யாணச் சான்றிதழும் இரண்டே இரண்டு கல்யாணப் போட்டோவும்.

"நாங்க போட்டோ எடுத்துக்கிற ஆளுங்க இல்ல முத்து. இருந்ததும் பழைய ஃபோனோட போச்சு. வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவர் பேர்ல. வீட்டுல நான் இருந்தேன்னு சொல்ல என்ன இருக்கு?"

நான் அவர்கள் ஃபைலை எடுத்தேன். ஒவ்வொரு ரின்யூவலிலும் எடுத்த பாஸ்போர்ட் நகல், விசா நகல், வாடகை ஒப்பந்த நகல் எல்லாம் இருந்தன. அதோடு இருவர் போட்டோவும் சேர்ந்த எட்டு கவர். போட்டோக்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். மேலே டெரிக், கீழே மேடம். டெரிக்கின் முன்வழுக்கை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போயிற்று. மேடம் ஒரு கட்டத்தில் தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்தியிருந்தார். பன்னிரண்டாம் வருஷம் இருவரும் ஒரே மாதிரிக் கண்ணாடி வாங்கியிருந்தார்கள். அத்தனை வருஷம் பக்கத்தில் இருந்த நானே அதையெல்லாம் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மேடம் ஆறாவது ஜோடியின் மேல் விரலை வைத்தார். தாடி வைத்த டெரிக்.

"இது அந்த ஓட்டு நடந்த வாரம்" என்றார்.

நான் ஸ்டேப்ளரைத் தேடுவது போலக் குனிந்தேன்.

"நீ மறைக்க வேணாம். எனக்குத் தெரியும். அவர் யூனியன்ல இருக்கணும்னு ஓட்டுப் போட்டிருந்தா, டி.வி.யப் பாத்துக் கத்தியிருப்பார். கத்தவே இல்ல. ரெண்டு நாள் என் முகத்தப் பாக்கல. மூணாவது நாள் காலைல எனக்கு முன்ன எந்திரிச்சு காபி போட்டார். கல்யாணம் ஆனதுல இருந்து அவர் அடுப்புப் பக்கம் வந்ததே இல்ல."

"மேடம் கேக்கலையா?"

"எதுக்கு? அவர் அப்பாவ எனக்கும் தெரியும். ஜன்னல் பக்கத்துல உக்காந்தே செத்துப்போன மனுஷன்." அந்தப் போட்டோவை வரிசையில் நேராக்கி வைத்தார். "அன்னிலேர்ந்து தினமும் காபி அவர்தான். எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாத முத்து. நிறுத்திடப் போறார்."

ஆக, புருஷனின் ரகசியத்தைப் பொண்டாட்டியிடமிருந்தும், பொண்டாட்டியின் ரகசியத்தைப் புருஷனிடமிருந்தும் காப்பாற்றுகிற வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. சம்பளத்தில் சேராத டூட்டி.

பதினாறு போட்டோவையும் ஒரே தாளில் ஒட்டி, கீழே வருஷங்களை எழுதினேன். இங்கிலாந்தில் இருந்த டெரிக்கின் வக்கீல், லிஸ்ட்டில் இது இல்லை, தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார். நான் விடவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் காகிதம் பார்த்துப் பார்த்துக் களைத்தவர்தான். ஒரு முகத்தைக் காட்டினால் நிமிர்ந்து பார்ப்பார். இது என் அனுபவம்.

5. லீவு பாக்கி

அப்ளிகேஷன் போட்டாயிற்று. அதற்கு முன்பே மேடம் பரீட்சைக்கும் போய்வந்தார், பேச்சுப் பரீட்சைதான். நிறுத்தச் சொல்லும்வரை பேசிக்கொண்டே இருந்தாராம். பாஸ்.

இன்னொரு சிக்கல் இருந்தது. மேடத்தின் துபாய் விசா டெரிக்கின் ஸ்பான்ஸரில் நிற்பது. வேலையை விடுகிற அவருடைய விசாவை ரத்து செய்வதற்கு முன்பே மேடத்தின் விசாவை ரத்து செய்தாக வேண்டும். கடைசித் தேதி நெருங்கியது, பதில் வரவில்லை. ரத்தானால் மேடம் லிஸ்பனுக்கும் அவர் கிரிம்ஸ்பிக்கும் தனித்தனி விமானம் ஏற வேண்டியதுதான். அங்கே அம்மா தினமும் ஃபோனில், "ரெண்டு பேரும் எப்ப வர்றீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் லீவு ரெக்கார்டைப் புரட்டினேன். வேலை வேலை என்று இருந்த மனுஷனுக்கு நாற்பது நாள் லீவு பாக்கி. அவரை அந்த லீவில் போட்டு, ரத்தை அத்தனை நாள் தள்ளி வைத்தேன். எல்லாம் சட்டப்படிதான். அவர் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டு, பத்து நாளில் திரும்பி வந்து எங்களோடு காத்திருந்தார்.

லீவின் முப்பத்து மூன்றாம் நாள் மேடத்தின் பாஸ்போர்ட் வந்தது. இருவரையும் என் மேஜைக்கு வரச் சொல்லிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். விசா இருந்தது. மேடம் அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டெரிக் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு மெதுவாக, "காபி போடட்டுமா?" என்று கேட்டார்.

ஜெனரல் மேனேஜர் பேன்ட்ரிக்குப் போய் மூன்று கப் காபி போட்டுக்கொண்டுவந்தார். நானும் மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் குடித்தோம். நல்ல காபி. ஆறு வருஷப் பழக்கம் அதில் தெரிந்தது.

6. யாரும் கேட்காத போட்டோ

இரண்டு வருஷம் கழித்து என் விசாவை நானே ரத்து செய்தேன். என் ஃபைலிலும் கவர்கள் இருந்தன. எல்லாவற்றிலும் நான் மட்டும். எத்தனை பேருக்கோ குடும்ப விசா போட்டேன். எனக்குப் போடச் சம்பளத் தகுதி வந்தபோது பையன் பத்தாம் வகுப்பு, பிறகு பெண் பன்னிரண்டாம் வகுப்பு என்று தள்ளிப்போயிற்று. செல்வி மூன்று தடவை விசிட்டில் வந்துபோனாள். நீங்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கு அத்தாட்சி கொடு என்று என்னிடம் யாராவது கேட்டால், டெரிக்கைவிட மோசமாக முழித்திருப்பேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நாடு சேர்ந்திருப்பது சரியா, பிரிந்துபோவது சரியா என்று தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கில்லை. டெரிக்கின் அப்பாவுக்கும் நியாயம் இருந்தது, ரீட்டாவின் தம்பிக்கும் இருந்தது. ஆனால் யார் எங்கே கோடு போட்டாலும், ஒரு புருஷனும் பொண்டாட்டியும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேஜைக்குத்தான் வருவார்கள். மீதிப் போட்டோவைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஊருக்கு வந்த மறுவாரம் செல்வியிடம், "கிளம்பு, ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வருவோம்" என்றேன்.

"எந்த ஆபீஸ்ல கேட்டாக?" என்றாள்.

"ஒரு ஆபீஸ்லயும் கேக்கல."

கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ஸ்டூடியோக்காரர் எத்தனை காப்பி என்று கேட்டார். எட்டு என்றேன். நாலு போதாதா அண்ணே என்றார். மீதி வீட்டில் இருக்கட்டும் என்றேன்.