உச்சியில் வைத்த பூ

மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரைக்கு நின்றபோதுதான் அவளைப் பார்த்தேன். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த சிசிடிவி திரையில், உச்சந்தலை வெளுத்துப்போன ஒரு பொம்பளை. ஐயோ பாவம், நடுமண்டையில் இப்படி ஆகிவிட்டதே என்று உச்சுக்கொட்டியபடி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அவளும் ஏற்றிவிட்டாள். என் கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று.

சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருவது தெரியும். அறுபதை நெருங்கினால் வரத்தான் செய்யும். ஆனால் உச்சந்தலையை யார் தானே பார்த்துக்கொள்ள முடியும்? முகத்துக்குக் கண்ணாடி போதும், உச்சிக்கு இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொரு ஆள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

அவர் இருந்தவரை என் தலையின் பின்பக்கம் அவர் பொறுப்பு. டை அடித்துவிடுவார். ராமநாதபுரம் மண்டியில் மிளகாய் மூட்டையைப் போட்டுவிட்டு வரும்போதெல்லாம் இலையில் பொட்டலமாக மல்லிகை வாங்கி வந்து அவரே வைத்தும் விடுவார். எங்கள் சிக்கல் ஊரில் வேறெந்த ஆம்பளையும் செய்யாத வேலை. 'பொண்டாட்டிதாசன்' என்று ஊரே கேலி பேசியது, மனுஷன் அசரவில்லை. ஒரே குறை, பூவை எப்போதும் மேலே தூக்கித்தான் வைப்பார்.

"உச்சியில கொண்டுபோய் வச்சிருக்கீகளே, கரகம் மாதிரி இருக்கு!"

"பேசாம உக்காரு. இங்கன இருந்தாத்தான் ஒனக்கு எடுப்பா இருக்கு."

"நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு, போ."

வாசலைத் தாண்டியதும் நான் கீழே இறக்கிக்கொள்வேன். கண்டுபிடித்தால் மறுபடி மேலே ஏற்றாமல் விடமாட்டார்.

அவரோடு பூவும் போயிற்று. எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.

அடுத்த மாதம் பரமக்குடியில் என் தங்கை மகன் கல்யாணம். அவர் போனபிறகு நான் தலைகாட்டப்போகும் முதல் விசேஷம். பூ இல்லை, பொட்டு இல்லை, முடியும் இல்லை என்று போய் நின்றால் நாலு பேர் பாவம் பார்ப்பார்கள். அது எனக்கு ஆகவே ஆகாது. திட்டினால் திருப்பித் திட்டலாம், பாவம் பார்ப்பவர்களை என்ன செய்வது?

பக்கத்து வீட்டுக்காரியிடம் கண்ணாஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். 'தாலியறுத்தவளுக்கு யாரை மயக்க இந்தச் சிங்காரம்?' என்று அவள் சொல்லாததெல்லாம் ராமநாதபுரம் வரை காதில் கேட்டது.

விக் கடையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். "சவுரியாம்மா?" என்றாள்.

"சவுரி பின்னுறதுக்குல்லத்தா. எனக்கு மேல வேணும்."

முழு விக் ஒன்றை மாட்டிவிட்டாள். கண்ணாடியில் நாடகத்து ராணி ஒருத்தி முழித்தாள், கழற்றச் சொன்னேன். பிறகு உள்ளங்கை அகலத்தில், நரை கலந்து, கிளிப் வைத்த துண்டு ஒன்றை எடுத்தாள். உச்சிக்கு மட்டும் போதுமாம்.

"கூட யாரும் வரலியா? பின்னாடி கிளிப்புப் போட வீட்டுல ஒரு ஆள் பழகிக்கிட்டா நல்லது."

"வீட்டுல யாருமில்ல. நானே பழகிக்கிறேன்."

கொண்டையை அவிழ்த்து வகிடு பிரித்துப் பார்த்தாள். "எத்தனை வருஷமா இப்பிடி?"

"இப்பத்தான், ஒரு வருஷமா."

"இல்லம்மா, இது ஏழெட்டு வருஷத்துக் கதை. இத்தன நாளும் எதை வச்சும்மா மறைச்சீங்க?"

நான் எங்கே மறைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உச்சியில் அவர் விரல் பட்டு, கொண்டை ஊசி ஏறுவது மட்டும் தெரிந்தது.

"பூவ வச்சு" என்றேன்.

பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொன்னாரா? சொன்னால் நான் ஒரு வாரம் சோறு தின்னாமல் அழுவேன் என்று தெரியும். கடை என்றும் பாராமல் அங்கேயே அழுதேன். அந்தப் பெண் கிளிப் குத்திவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டாள்.

கல்யாணத்தன்று துண்டை மாட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, பரமக்குடி வரை தலையைப் பிடித்தபடியே வந்தேன். மண்டப வாசலில் பூத்தட்டு வைத்திருந்த பெண் என் நெற்றியைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். சுருக்கென்றது. ஆனால் தங்கை ஓடிவந்து கட்டிக்கொண்டு, "ஆளு எளச்சுட்டியேக்கா, முடி மட்டும் அப்பிடியே இருக்கு!" என்றாள். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் ஆசைப்பட்டதும் அதுதானே?

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை போட எல்லோரும் எழுந்தார்கள். எழுந்த வேகத்தில் உச்சியில் ஏதோ நழுவியது போல இருந்தது. கைநிறைய அரிசி, தொட்டுப் பார்க்க வழியில்லை. பழக்கதோஷம், இடதுபக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, நேரா இருக்கா?"

பக்கத்து நாற்காலியில் என் கைப்பை மட்டும் இருந்தது.