பதினேழாம் தேதி மெஷின் ஓடவில்லை

மாணவர்கள் எங்கள் மேடத்துக்கு வைத்த பெயர் இருபத்தெட்டு. கான்கிரீட்டைக் கலந்து, கட்டையாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டுவைத்து, அதன்பிறகு மெஷினில் அழுத்தி உடைத்தால்தான் அது எவ்வளவு தாங்கும் என்று தெரியும். இருபத்தேழாம் நாள் யார் கெஞ்சினாலும் மேடம் உடைக்கமாட்டார். இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமையே வந்து நிற்பார். அந்த மெஷினுக்கு நான்தான் மெக்கானிக். என்னுடைய முப்பத்தோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த லேபில்தான் போயின. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

"கல்யாண நாளை மறந்துடுவா. கட்டை உடைக்கிற நாளை மட்டும் மறக்கமாட்டா" என்பார் அவர் வீட்டுக்காரர், லேப் வாசலில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி.

கட்டுமானப் பொறியியல் துறையில் மேடம் சேர்ந்தபோது அங்கே வேறு பெண்கள் கிடையாது. அன்றைய துறைத்தலைவர் தன்மையாகத்தான் சொன்னார்: "லேப்ல ஒரே தூசு, சத்தம். நீங்க டிராயிங் கிளாஸ் எடுங்கம்மா."

"தூசுன்னா துடைச்சுக்கலாம் சார். லேப் சாவியைக் குடுங்க."

அன்று வாங்கிய சாவியை அவர் திருப்பித் தரவே இல்லை. விரிவுரையாளர் பேராசிரியராகி, துறைத்தலைவராகி, ஐம்பத்தாறு வயதில் துணைவேந்தரும் ஆனார். சாவி மட்டும் கைப்பையிலேயே கிடந்தது. அந்தப் பதவிக்கு இரண்டு கோஷ்டிகள் முட்டி மோதி, கடைசியில் யாருக்கும் தொந்தரவில்லாத ஆள் என்று இவரைப் பிடித்து உட்காரவைத்தன. கட்டை உடைக்கிற அம்மாவால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பதவிக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் மாணவிகளுக்கு ஆறு மாடி விடுதி ஒன்று எழும்பியது. நானூறு பேர் தங்க வேண்டியது. கட்டடம் உறுதியாக இருக்கிறது என்ற சான்றிதழில் துணைவேந்தர் கையெழுத்துப் போட்டால் திறப்பு விழா. மற்றவர்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள்.

எனக்குப் போன் வந்தது. "மெக்கானிக், போன மாசம் பதினேழாம் தேதி மெஷின் ஓடுச்சா?"

"எங்க மேடம் ஓடுறது? ஆயில் சீல் போய் தரையெல்லாம் எண்ணெய். நீங்களே வந்து வழுக்கி விழப் பாத்தீங்களே."

"எனக்கு ஞாபகம் இருக்கு. உங்க நோட்டுல இருக்கான்னுதான் கேட்டேன்."

இருந்தது. விடுதித் தூண்களின் கட்டைகளை அந்தப் பதினேழாம் தேதிதான் எங்கள் மெஷினில் உடைத்ததாக ஃபைலில் அழகாக டைப் அடித்திருந்தார்கள். அதைத் தயாரித்தவர் பல்கலைக்கழகப் பொறியாளர். மேடத்திடமே படித்தவர். மறுநாள் நோட்டோடு நான் போனபோது அந்தப் பொறியாளர் மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"டைப்பிங் மிஸ்டேக் மேடம்."

"வார்த்தது அதுக்கு முந்தின மாசம் இருபதாம் தேதி. உடைச்சது பதினேழு. இருபத்தெட்டு நாளைச் சரியா எண்ணியிருக்கீங்க. நான் சொல்லிக்குடுத்ததுல அது ஒண்ணாவது மண்டையில நின்னுதே."

உடைக்காத கட்டைக்குப் பலம் எழுதியவர், நாளை எண்ணுவதில் மட்டும் குருபக்தியைக் காட்டியிருக்கிறார்.

அந்த வாரமே பன்னிரண்டு தூண்களில் துளை போட்டுத் துண்டுகள் எடுக்கவைத்தார் மேடம். அதற்குள் நான் மெஷினுக்குப் புது ஆயில் சீல் போட்டிருந்தேன். துணைவேந்தர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே மெஷின் முன்னால் நின்றார். நல்ல கான்கிரீட் படாரென்று வெடிக்கும். இது சத்தமே இல்லாமல் உதிர்ந்தது. சதுர மில்லிமீட்டருக்கு முப்பது நியூட்டன் தாங்க வேண்டிய இடத்தில் பதினாறு. என் மகளும் விடுதியில் தங்கிப் படித்தவள்தான்.

பல்கலைக்கழகத்தை நடத்துகிற டிரஸ்டின் ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு என்னையும் நோட்டோடு கூப்பிட்டார்கள். தலைவர் குழைவாகத்தான் ஆரம்பித்தார். "கீழ ரெண்டு மாடியை மட்டுமாவது திறந்துடலாமே மேடம்."

"மேல நாலு மாடியை எங்க வைக்கப்போறீங்க? அதுவும் கீழ்மாடி தலைமேலதானே நிக்குது."

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, தேதியை மாத்தி எழுதினா உனக்கு என்ன குறைஞ்சுபோகுது?"

"கை வராது சார்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. மேடம் நோட்டை என் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உங்க பதவிக்காலம் இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. யோசிச்சுக்குங்க" என்றார் தலைவர்.

"கட்டடம் அம்பது வருஷம் நிக்கணும். நீங்க யோசிங்க."

அன்று மத்தியானமே நானூறு மாணவிகளின் வீடுகளுக்கும் கடிதம் போனது. மூன்றே வரி. புது விடுதித் தூண்கள் முப்பது தாங்க வேண்டும், பதினாறுதான் தாங்குகின்றன, உங்கள் மகளை அங்கே அனுப்பாதீர்கள். கீழே மேடத்தின் கையெழுத்து. மறுநாள் காலை, அவரைப் பதவியிலிருந்து இறக்கிப் பழையபடி பேராசிரியராக்கி உத்தரவு வந்தது. அவமானப்படுத்துவதாக நினைத்தார்கள். இரண்டு மணிக்கு மேடம் தன் சாவியால் லேபைத் திறந்துகொண்டு வந்து, "தண்ணியில கிடக்கிற கட்டைக்கு இன்னிக்கு எத்தனாவது நாள்?" என்று கேட்டார்.

பொறுப்புத் துணைவேந்தராக வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். விழாவும் வைத்தார். மாணவிகளில் ஒருத்தியும் அங்கே குடிபோகப் பெட்டியைத் தூக்கவில்லை. பழைய விடுதி மாடியில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். புது விடுதிக்குள் அருமையான கூடம் இருந்தும், கொளுத்துகிற வெயிலில் மைதானத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். வாசலில் ரிப்பனை வெட்டினார்கள், கைதட்டினார்கள், சட்டென்று நான்கடி பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

கூப்பிடாமலே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார் மேடம். எழுந்து வாசற்படியருகே போனார். மைக் தேவைப்படவில்லை. முப்பத்தோரு வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேலே பாடம் நடத்திய தொண்டை.

"வெயிலா இருக்கே சார், வாங்க, உள்ள போய் உக்காரலாம்."

அவர்களில் ஒருவரும் நகரவில்லை.