கடைசி நான்கு நரம்புகள்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள் பலர் அன்று என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஆம்புலன்ஸ்ல நீ ஏன் கூட போவல?" கோபத்தில் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது பனமலையில். நைனா தவறியபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, செஞ்சி கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்தார். பிறகு சொந்தப் பட்டறை வைத்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அதிர்ந்து பேசமாட்டார் என்று இத்தகைய மலர்களில் எழுதுவார்கள். அண்ணன் நன்றாகவே அதிர்ந்து பேசுவார். கரண்ட் போனால் தெருக்கோடி வரை கேட்கும்.

நூலகத்தில் ஒரு யாழின் படத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் யாழ் செய்யத் தொடங்கினார். முதலில் மூங்கிலை வளைத்து வில்யாழ். அடுத்து ஏழு நரம்புச் செங்கோட்டியாழ், பதினான்கு நரம்புச் சகோடயாழ். கடைசியாக இருபத்தொரு நரம்புப் பேரியாழ். அதன் தடித்த நரம்புகளுக்கு, காயில் சுற்றும் மெஷினிலேயே எஃகுக் கம்பியின்மேல் செம்புக் கம்பியைச் சுற்றினார். மோட்டார் கொண்டு வருபவர்களையும் விடமாட்டார், நிறுத்திவைத்துச் சொல்வார்:

"வெள்ளைக்காரன் ஹார்ப்புக்கு முன்னால ஒரு தூணு முட்டு குடுத்து நிக்குது. நம்ம யாழுக்கு அது கெடையாது. மொத்த இழுப்பையும் வளைஞ்ச தண்டே தாங்கணும்."

அவர் பிரிந்த அன்று மாலை கல்யாண மண்டபத்தில் பேரியாழ் முதன்முறையாக மேடை ஏற இருந்தது. காலையில் சுருதி சேர்க்கும்போதே தண்டில் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டது. அதைக் குனிந்து பார்த்தவர் அப்படியே மார்பைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்து நின்றும் ஏறாமல், உட்கார்ந்தபடியே நரம்புகளின் இழுப்பைக் குறைக்க முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். சட்டை முழுவதும் வியர்வை.

"நரம்ப வெட்டிடலாம்ணா" என்றேன்.

"வெட்னா ஒதறி ஒடிஞ்சிடும்."

ஏழு நரம்புகளை இறக்கியிருப்பார். ஓட்டுநர் பொறுமை இழந்து, "இன்னா சார், உயிரு முக்கியமா, இது முக்கியமா?" என்று அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"நீ இரு பாப்பா. மீதிய எறக்கிட்டு வா. மாத்தி மாத்தி எறக்கு, ஒரே பக்கமா எறக்கிடாத" என்றார் அண்ணன். அண்ணி வண்டியில் ஏறினார். நான் நின்றுவிட்டேன். அவர் சொல்லை மீறி எனக்குப் பழக்கமில்லை.

நீள நரம்பில் ஒன்று, குட்டை நரம்பில் ஒன்று. ஒவ்வொரு திருப்புக்கும் தண்டு முனகியது. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக இருந்தது. நான் பத்து நரம்பை முடித்தபோது அண்ணி போன் செய்தார்.

"எல்லாத்தையும் எறக்கிட்டியான்னு கேட்டுக்கினே இருக்காரு."

இன்னும் நான்கு பாக்கி. "ஆச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்றேன்.

"ஆச்சாம்ங்க" என்று அண்ணி சொன்னதும், "செரி" என்று அண்ணன் சொன்னதும் எனக்குக் கேட்டன. திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் அவர் உயிர் பிரிந்துவிட்டது. யாழ் ஒடியவில்லை.

அண்ணனைத் தூக்கிச் சென்ற ஓட்டுநருக்கும், மண்டபத்தில் போட்ட நாற்காலிகளைத் தாங்களே கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டவர்களுக்கும், மூன்று நாளும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பட்டறைத் தெருவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த ஓராண்டில் என்னை ஒரு வார்த்தையும் கேட்காதவர் அண்ணி மட்டும்தான். அண்ணி, அந்த நான்கு நரம்புகளைப் பற்றி உங்களுக்கு இதைப் படித்துத்தான் தெரியவரும். அண்ணன் கடைசியாகக் கேட்ட பொய்யை உங்கள் வாயால் சொல்ல வைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.