டாக்டரிடம் போகும் முன் பத்து நாள்

என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டவுனில் டாக்டரிடம் பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதி வாங்கிச் சுரங்க ஆபீஸில் காட்ட வேண்டும். அதிகம் இருந்தால் வண்டி கிடையாது.

முதல் தடவை நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டது.

"மேல இருக்குறது இதயம் ரத்தத்தத் தள்ளுறப்ப உள்ள அழுத்தம்மா. கீழ இருக்குறது அது ஓய்வா இருக்குறப்ப. இவருக்கு ஓய்வுலயும் குறையல. வலி ஒண்ணும் தெரியாது. அதுக்காக மாத்திரைய நிறுத்திடாதீங்க."

ஒரு மாதம் சாப்பிட்டார்; பிரஷர் இறங்கி வண்டியும் திரும்பக் கிடைத்தது. பிறகு தலை கிறுகிறுக்கிறது, மேட்டில் வண்டி ஏற்ற முடியவில்லை என்று நிறுத்திவிட்டார். டாக்டரிடம் சொல்லியிருந்தால் வேறு மாத்திரை கொடுத்திருப்பார். சொன்னால் வண்டி போய்விடும் என்று இவருக்குப் பயம். டாக்டரிடம் போகும் முன் பத்து நாள் மட்டும் ஒழுங்காக மாத்திரை போடுவார். கருவாட்டையும் ஊறுகாயையும் அவரே தள்ளி வைப்பார்.

"பரீச்சைக்குப் படிக்கிற மாதிரில்ல இருக்கு," என்றேன் ஒருநாள்.

"நீ படிச்ச லட்சணம் தெரியாதா. பாஸானா போதும், போ."

பாஸானார். நூற்று முப்பதுக்கு எண்பத்து நாலு. இவர் பின்னால் நின்ற என்னை டாக்டர் பார்த்தார்.

"தினமும் போடுறாராம்மா?"

வெளி ஆட்களிடம் எனக்குச் சட்டென்று பேச்சு வராது. பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் திரும்பவில்லை. மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார்.

"போடுறாருங்க," என்றேன்.

அடுத்த சித்திரையில், அவர் வேலைக்குக் கிளம்பும்போது வலது காலில் செருப்பு நுழையவில்லை. போட்டுவிடலாம் என்று குனிந்து, நிமிர்ந்து பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

பெரம்பலூருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "பிரஷர் நல்லாத்தானே இருந்திருக்கு," என்றார். அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு ஆறு வருஷம் படுக்கையில் இருந்தார். ஒரு நாள் விடாமல் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து நானே கொடுத்தேன். கஞ்சியில் உப்பு பேருக்குத்தான். மாதம் ஒருமுறை வரும் நர்ஸம்மா, அவர் கையில் கட்டிய பட்டையை அவிழ்த்துக்கொண்டே சொல்வார்:

"நூத்தி இருவதுக்கு எம்பது. ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கக்கா."

வீட்டுக்காரருக்குப் பேச்சு வராது. என்னையே பார்ப்பார்.