போனுக்குள் சிக்கிய பாடங்கள்

திருநெல்வேலி டவுனில் ஒரு பல் டாக்டரிடம் வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது சுகிர்தாவின் வேலை. பல்வலிக்காரர்கள் பாதிக் காதோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டும், அதே சமயம் அதட்டுவதுபோலவும் இருக்கக் கூடாது. பல வருஷம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் குரலுக்கு ஒரு பதம் வந்திருந்தது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் வினோலியா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

வினோலியா உவரிக்காரி. பிறவியிலேயே பார்வை கிடையாது. முப்பது வயது தாண்டிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு விடுதியில் தங்கி, அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவள், பிடுங்கி முடித்த பிறகும் போகாமல் சுகிர்தாவின் மேசை முன்னால் வந்து நின்றாள். பஞ்சைக் கடித்த வாயோடு, "அக்கா, நீங்க புஸ்தகம் வாசிப்பியளா?" என்று கேட்டாள்.

அவளுக்கு வேண்டிய வரலாற்றுப் புத்தகம் அச்சில் மட்டுமே இருந்தது. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரை வாசிக்கவிட்டால் அது ஆண்டுகளையும் ஊர்ப் பெயர்களையும் கடித்துத் துப்பியது. யாராவது வாசித்துப் பதிந்து கொடுத்தால் மெமரி கார்டில் ஏற்றி, கைக்குள் அடங்கும் தன் பிளேயரில் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். சுகிர்தா உடனே சரி என்று சொல்லிவிட்டாள். புத்தகத்தின் கனத்தைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது.

அவள் வீடு பேட்டையில், லேத் பட்டறைகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால். இரும்பு கடையும் சத்தம் ஓய்ந்தால்தான் வாசிக்க முடியும். ஆகவே காலையில் பட்டறை திறக்கும் முன்பும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க வாசித்தாள். பழைய போனில் ஒரு முழுப் பாடத்தை வாசித்து முடித்துப் பார்த்தால் ஒன்றுமே பதியாமல் இருந்தது. அன்று அவள் அழுதேவிட்டாள். அதைப் பார்த்துத்தான் அவள் கணவன் நெல்லையப்பன் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான்.

புதுப் போனிலும் குரல் பதியும் வசதி இருந்தது. ஆனால் சுகிர்தாவுக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. வீடியோ என்றால் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கும், நொடிகள் ஓடும். பதிகிறது என்பதை எந்நேரமும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். எனவே ஒரு துண்டை மடித்து மேசையில் போட்டு, அதன்மேல் போனை மல்லாக்கக் கிடத்தி, வீடியோவை ஓடவிட்டு வாசித்தாள். கேமரா துண்டில் அழுந்திக் கிடந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. கேட்கப் போகிறவள் படத்தைப் பார்த்து என்ன செய்யப் போகிறாள்?

எல்லாவற்றையும் முடித்து மொத்தமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வினோலியாவும் அதுவரை மற்றப் பாடங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பாடம் மட்டும் பாக்கி இருக்கும்போது போன் இடம் நிறைந்துவிட்டது என்று சொல்லி நின்றது. அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் உறைந்தது, தானாக அணைந்து தானாக எழுந்தது. பதிந்த பாடத்தைப் போட்டால் நாலு வரி பேசிவிட்டு வாயை மூடிக்கொண்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தேர்வு. வரலாறு முழுவதும் அந்தப் போனுக்குள் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை விடுப்பு சொல்லிவிட்டு, பேட்டையில் கம்ப்யூட்டரும் போனும் பழுது பார்க்கும் வில்சனிடம் ஓடினாள். வில்சன் மணப்பாட்டுக்காரன். வாய் ஓயாமல் பேசினாலும் கை வேலையை விடாது. அவன் போனைத் திறந்து பார்த்தான். திரை முழுக்க வரிசை வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள்.

"என்னக்கா, அமாவாசையையா படம் புடிச்சு வச்சிருக்கிய?" என்றான்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரிப்பு அடங்கியது. வெறும் இருட்டானாலும் வீடியோ என்றால் இடத்தை அடைக்கத்தான் செய்யும் என்று விளக்கினான். இவ்வளவு பெரிய கோப்புகள் வாட்ஸ்அப்பில் ஏறாது. வயரில் மாட்டிக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டால், படத்தைக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் பிரித்துவிடலாம், கவலைப்படாதீர்கள் என்றான்.

வயரை மாட்டினான். போனில் சார்ஜ் ஏறியது. கம்ப்யூட்டர் எதுவும் நடக்காததுபோல இருந்தது. சில வயர்கள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான் உதவும், கோப்பைக் கடத்தாது என்று சொல்லி வேறு வயரை மாட்டினான். அதே கதை. வயரை மாட்டினால், சார்ஜ் மட்டும் போதுமா, கோப்பையும் அனுப்பவா என்று போன் கேட்க வேண்டும். இந்தப் போன் கேட்கவே இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். போனை அணைத்துப் போட்டான். போனின் மென்பொருளைப் புதுப்பிக்கப் பார்த்தான். அதற்கும் இடம் இல்லை என்றது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தான். கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ரீசெட் போட்டுவிடலாம், போன் புதுசுபோல ஆகிவிடும் என்றான்.

"அப்போ பாடம்?"

"பாடம் எல்லாம் போயிரும்க்கா."

சுகிர்தா எட்டிப் போனை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வில்சன் பறித்துவிடுவானோ என்று பயந்தவள்போல இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். வினோலியாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். நல்லதாக நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம் என்று வில்சனின் போனில் கூப்பிட்டாள். பேசத் தொடங்கியதும் அத்தனையும் மறந்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். வினோலியா, எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

அவள் வந்து சேரும்வரை சுகிர்தா சாப்பிடவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். கடைக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் வினோலியா பேச்சை எங்கோ தொடங்கினாள். வில்சன் அண்ணனுக்கு எந்த ஊர் என்று கேட்டாள்.

"மணப்பாடு."

"அதான். மணப்பாட்டுக்காரங்க எதையும் பாதியிலேயே கைவிட்டுருவாங்கன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

"உவரிக்காரங்க வாய் நீளம்னு எங்க ஊர்லயும் சொல்லுவாங்க," என்றான் வில்சன். ஆனாலும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு தடவை மறுபடியும் பார்க்கலாம், போனைக் கொடுங்கள் என்று கை நீட்டினான்.

மேசையில் கிடந்த வயரைத் தானே மாட்டி, சுகிர்தா போனை அவனிடம் நீட்டினாள். பாதி வழியிலேயே வயர் தானாகக் கழன்று கீழே விழுந்தது. வில்சன் அதை எடுத்து மறுபடி மாட்டினான். மறுபடி விழுந்தது. காலையிலும் இரண்டொரு தடவை விழுந்தது அவனுக்கு நினைவு வந்தது. வயர்தான் தொளதொளப்பு என்று அப்போது விட்டுவிட்டான். இப்போது அதே வயரைத் தன் போனில் மாட்டிப் பார்த்தான். நன்றாகப் பிடித்துக்கொண்டது. சுகிர்தாவின் போனைத் தூக்கி, வயர் மாட்டும் துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தான்.

"உள்ள என்னத்தக்கா போட்டு அடைச்சு வச்சிருக்கிய? மஞ்சளா இறுகிப்போயிக் கெடக்கு."

சுகிர்தாவுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் முகம் சூடாகிவிட்டது.

சரஸ்வதி பூஜை அன்று அவள் வரலாற்றுப் புத்தகத்தைச் சாமி முன்னால் வைத்தாள். வாசிப்பது புத்தகம் என்றால் அதைக் கேட்டு வைத்துக்கொள்வது போன்தானே என்று அதையும் புத்தகத்தின் மேலேயே கிடத்தி வைத்தாள். புத்தகத்துக்கு அட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. போனுக்குத் திரையில் வைத்தால் கெட்டுப்போகுமே என்று அடி விளிம்பில் வைத்தாள். அப்போதுதான் அரைத்த சந்தனம், கொஞ்சம் தண்ணியாக இருந்தது. மறுநாள் விஜயதசமிக்குப் போனை எடுத்தபோது வெளியே இருந்ததைத் துடைத்துவிட்டாள். உள்ளே வடிந்தது அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து சார்ஜ் போடும்போது ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால்தான் ஏறியது. புதுப் போன் இப்படித்தான் போல என்று அவளும் சாய்த்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

இதையெல்லாம் தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்தாள். வில்சன் அப்போதும் சிரிக்கவில்லை. வினோலியாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"எனக்காகப் பூசை வச்சு, எனக்கே பாடத்த மறிச்சுட்டியளேக்கா."

"உனக்குப் படிப்பு ஏறணும்னுதான் வச்சேன்," என்றாள் சுகிர்தா. வினோலியா சிரிப்பை நிறுத்திவிட்டு, காற்றில் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வில்சன் போனை அணைத்தான். ஊசி வேண்டாம், உள்ளே தகடு கீறிவிடும் என்று சொல்லி, பல் குத்தும் மரக்குச்சி ஒன்றைச் சீவி மெலிதாக்கினான். பைய, பைய என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுரண்டினான். சந்தனம் சின்னச் சின்னச் செதிளாக உதிர்ந்து மேசையில் விழுந்தது. வயரை மாட்டியதும் இந்தத் தடவை அது அடிவரை போய் உட்கார்ந்தது. போனைத் திறந்தான். கோப்பை அனுப்பவா என்று அது கேட்டது. அவன் ஆமாம் என்று தொட்டான். கம்ப்யூட்டரில் மணி அடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள். கறுப்புக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய திரையில் வந்து நின்றன.

இறக்கவும் குரலைப் பிரிக்கவும் வெகு நேரம் பிடித்தது. அதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து இட்லி வரவழைத்துச் சுகிர்தாவைச் சாப்பிட வைத்தாள் வினோலியா. முதல் பாடத்தை வில்சன் ஓடவிட்டுப் பார்த்தான். பல்லவர்களுக்கு நடுவில் குக்கர் விசிலடித்தது. வேறொரு இடத்தில் நெல்லையப்பன், "ஏட்டி, என் துண்டு எங்க?" என்று கேட்டான். துண்டு போனுக்கு அடியில் கிடந்தது என்பதால் சுகிர்தா பதில் சொல்லாமலே வாசித்துக்கொண்டு போயிருந்தாள்.

இதையெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கி நாளைக்குத் தருகிறேன் என்றான் வில்சன். வினோலியா கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் கேட்டாக வேண்டும் என்று அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். குக்கரும் அண்ணாச்சியும் இருந்துவிட்டுப் போகட்டும், இப்போதே கார்டில் ஏற்றிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. கடைசிப் பாடத்தை நாளைக் காலையில் விடுதிக்கே வந்து நேரில் வாசிக்கிறேன் என்று சுகிர்தா சொன்னாள். வினோலியா தலையை ஆட்டியபடியே கார்டைப் பிளேயரில் செருகினாள். காதில் மாட்டும் வயரில் ஒரு முனையைத் தன் காதில் வைத்து, இன்னொன்றைச் சுகிர்தாவிடம் கொடுத்தாள். சுகிர்தா தன் வாசிப்பைக் காதோடு வைத்து நிதானமாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. குரல் யாருடையதோபோல இருந்தது. அந்தக் குரலோடு சேர்ந்து வினோலியாவின் உதடுகள் அசைந்தன. ஒரு போர் நடந்த ஆண்டு வந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டாள்.

பஸ் வந்து நின்றது. ஏற வேண்டாமா என்று சுகிர்தா அவள் தோளைத் தொட்டாள்.

"போகட்டும்க்கா," என்றாள் வினோலியா. "இந்தச் சண்டை முடியட்டும். அடுத்த பஸ்ல போறேன்."