அண்ணன் கையில் இருந்த ஆறு இலக்கம்

குவைத்துக்குப் போன முதல் மாதம் என்னிடம் காசு இல்லாமலில்லை. அவிசாவளையில் ஐந்து வருடம் கார்மண்ட் வேலை செய்து சேர்த்த பணம் தெஹியோவிட்ட வங்கியில் என் பெயரில் கிடந்தது. கார்டும் என் கைப்பையில் இருந்தது. தங்குமிடத்துக்குப் பக்கத்து ஏடிஎம் மெஷினில் மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் வெளியே தள்ளியது.

என் அறையில் மாவனல்லை அக்கா ஒருவர் இருந்தார். எங்கள் கம்பெனியில் எட்டு வருடமாகத் துப்புரவு வேலை செய்பவர். "கார்ட் வெளிநாட்டுல வேலை செய்யிறதுக்கு அதத் திறந்து விடணும் தங்கச்சி. போன்ல பேங்க் ஆப் ஈக்கி தானே, அதுல செய்யேலும்" என்றார். ஆப்பை இறக்கினேன். அது ஓடிபி கேட்டது. ஆறு இலக்கம். அந்த இலக்கம் என் பழைய நம்பருக்குத்தான் போகும். பழைய சிம்மோ ஊரில், எங்கள் ரப்பர் தோட்டத்தில், என் அண்ணனின் சட்டைப்பையில்.

அந்த சிம்மை வாங்கிய காலத்தில் எனக்கு அடையாள அட்டை வந்திருக்கவில்லை. அதனால் அண்ணன் பெயரில் எடுத்தோம். புறப்படும்போது, அங்கே போய் வேறு சிம் போடத்தானே போகிறோம் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மாவிடமிருந்து அது அண்ணனிடம் போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் லயத்து வீடுகளில் சிக்னல் கிடையாது. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை மேட்டில்தான் கிடைக்கும். குவைத்தில் எங்களைக் காலை டீக்கு விடும் நேரம், தோட்டத்தில் மத்தியானம். எல்லாரும் பால் வாளியோடு வரிசையில் நிற்கும் நேரம். அந்த நேரத்துக்கு அண்ணனை மேட்டில் நிற்கச் சொல்லி மெசேஜ் போட்டுவிட்டு அழைத்தேன்.

"அண்ணே, ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல ஆறு நம்பர் இருக்கும், சொல்லுங்க."

"வந்துச்சு வந்துச்சு. எதுக்கு இது?"

"பேங்க்ல இருந்து கொஞ்சம் எடுக்கணும். சம்பளம் வர இன்னும் ஒன்றரை மாசம் ஆகுமாம்."

"கம்பெனி சாப்பாடு போடுது தானே? என்னா செலவு ஒனக்கு?"

"சாமான் வாங்கணும் அண்ணே."

"என்னா சாமான்?"

"பொம்பளைங்க சாமான்."

"என்னான்னு சொல்லு புள்ள. சும்மா சல்லிய எடுத்து வீசவா அங்க போன?"

மாதவிலக்கு தொடங்கி இரண்டாம் நாள். பழைய டீசட்டையைக் கிழித்துத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். "பேட் வாங்கணும்" என்றேன்.

அப்போதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, நாலைந்து பேர். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்திருக்கிறான். பால் நிறுக்கும் சிங்கள ஐயா ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டதும், எவனோ அவருக்கு அதைச் சிங்களத்தில் விளக்கிச் சொன்னதும், அவரும் சிரித்ததும் ஒவ்வொன்றாக என் காதில் விழுந்தன. அண்ணனும் சிரித்தான். அதற்குள் ஐந்து நிமிடம் கடந்து, வந்த இலக்கம் செல்லாமல் போயிருந்தது.

மறுநாள் ஸ்பீக்கர் இல்லை. பேச்சு வேறு மாதிரி இருந்தது. அவன் ஆட்டோவுக்கு லீசிங் தவணை இரண்டு மாதம் கட்டவில்லையாம். "நம்பரச் சொன்ன ஒடனே மொதல்ல என் கணக்குக்கு ஒரு லட்சம் போடணும். அம்மா தலைல அடிச்சு சத்தியம் பண்ணு" என்றான்.

அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தார். போனை வாங்கி, "குடுத்துரு புள்ள, அண்ணன் தானே. நம்ம வீட்டு ஆம்பள தலகுனிஞ்சு நிக்கக் கூடாது" என்றார். நான் எதை வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தின நாள் மேட்டில் நடந்தது அவருக்குத் தெரியும். தோட்டம் முழுக்கத் தெரியும்.

சத்தியம் பண்ணினேன். அம்மா தலைமேல் ஆணையாக, வாய்விட்டு. சொல்லும்போதே நாக்கில் ஏதோ அழுகியது பட்டதுபோல இருந்தது. அவன் நிதானமாக ஆறு இலக்கத்தையும் படித்தான். போட்டேன். நேரம் முடிந்துவிட்டது என்று ஆப் சொன்னது. இன்னொரு தடவை அனுப்பச் சொல்கிறேன் என்றதற்கு, "பஸ் வந்துருச்சு, நாளைக்குப் பாப்போம்" என்று வைத்துவிட்டான்.

அன்று பின்னேரம் கட்டிலுக்குப் பின்னால் காயப்போட்டிருந்த துணித்துண்டை மாவனல்லை அக்கா கண்டுவிட்டார். கையில் எடுக்கவில்லை.

"ஏன் தங்கச்சி எனக்கிட்ட செல்லல்ல? நான் ஈக்கிறேன் தானே."

தன் அலுமாரியைத் திறந்து ஒரு பாக்கெட்டை என் மடியில் போட்டார். அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "சீ" என்றார். "அவனுக்கு இனி கோல் எடுக்க வாணாம். பேங்குக்கு எடுங்க" என்றார்.

தன் போனிலேயே வங்கிக்குப் போட்டுத் தந்தார். எடுத்த பெண் சிங்களத்தில் பேசினாள். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, தெஹியோவிட்டவில் வளர்ந்தவளுக்கு அதில் என்ன கஷ்டம். நம்பரை மாற்ற வேண்டும் என்றேன். பழைய நம்பர் யாரிடம் என்று கேட்டாள். அண்ணனிடம் என்றேன்.

"அவரிடமிருந்து ஓடிபியை வாங்கிக்கொள்ள முடியாதா மிஸ்? அது லேசு" என்றாள்.

"பே மிஸ்" என்றேன். முடியாது. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

கையெழுத்திட்ட கடிதம், பாஸ்போர்ட் படம், விசா படம் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து வீடியோவில் அழைத்தார்கள். யூனிபார்மோடு வேலைத்தலத்து நடைபாதையில் நின்று, பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பிறந்த திகதியையும் அம்மாவின் பெயரையும் சொன்னேன். அம்மாவின் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு நொடி எடுத்தது.

அடுத்த வாரம் என் குவைத் நம்பருக்கு முதல் மெசேஜ் வந்தது. கார்டைத் திறந்தேன். மெஷின் காசு தந்தது. இரண்டு பாக்கெட் பேட், சவர்க்காரம், உள்ளாடை வாங்கினேன். அக்காவுக்கு ஒரு பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

அண்ணனுக்கு விஷயம் தெரிய மூன்று நாள் ஆனது. "என்னா, மெசேஜே வரமாட்டேங்குது? நம்பர மாத்திட்டியா? சத்தியம் பண்ணுன தானே?" என்று கத்தினான். ஆமாம், பண்ணினேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஆட்டோவை லீசிங்காரர்கள் கொண்டுபோனதை அம்மா அழுது சொன்னார். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பினேன். அது அவன் கைக்குத்தான் போகும் என்று தெரிந்தே அனுப்பினேன். அதை நினைத்தால் என் மேலும் எனக்கு அருவருப்புத்தான்.

இரண்டு வருடம் முடிந்து வந்தபோது அண்ணன் பஸ் நிலையத்துக்கே வந்து சூட்கேஸைத் தூக்கினான். ஒன்றும் நடக்காததுபோல, "மெலிஞ்சு போய்ட்ட புள்ள" என்றான். வீட்டில் அவன் வாங்கிவந்த கோழியை அம்மா கறியாக்கிச் சோற்றில் ஊற்றினார். அவன் எதிரே உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டே, போன் என்ன மாடல், விலை என்ன என்று கேட்டான். வாயில் இருந்த சோற்றை என்னால் விழுங்க முடியவில்லை. எழுந்து வெளியே பைப்படிக்குப் போய்த் துப்பினேன். வாயைக் கொப்பளித்துக்கொண்டு நிற்கும்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வெளிநாட்டுக்குப் போய்ட்டு வந்தா நம்ம சோறு எறங்காதோ?"

அவன் சிரிப்பதும் கேட்டது.